பழைய விலாசத்துல விசாரிக்க வந்தீங்களாக்கும்

இல்ல தம்பி, அந்த ஸ்டூல் வேண்டாம், ஒரு கால் ஆடும். ஊர்ல இருக்கிற பிரிட்ஜையெல்லாம் சரி பண்ற கடை, ஒரு ஸ்டூலைச் சரி பண்ண ஆளில்ல. இப்படி நாற்காலியில உக்காருங்க, ஃபேன் காத்து வரும். ம், இப்ப காட்டுங்க. பேரு சரி. போட்டோவும் அவதான். கொஞ்சம் மெலிஞ்சிருக்கா. முடியை வெட்டிட்டா போலிருக்கு. நல்லாத்தான் இருக்கு. என் மருமகதான், சந்தேகமே வேண்டாம், அதை முதல்ல டிக் அடிச்சுக்கோங்க.

உறவுக்கு ஒரு கட்டம் இருக்கா? மாமியார்னு போடுங்க. முன்னாள் மாமியாரா? அப்படி ஒண்ணு எங்க தம்பி இருக்கு. புருஷன் வேணா முன்னாள் ஆகலாம். நான் எப்படி முன்னாள் ஆவேன், என்கிட்ட யாரும் கையெழுத்து வாங்கலையே. மாமியார்னே போடுங்க.

முதல்ல எனக்கு ஒண்ணு புரியணும். அவளைக் கூப்பிடப் போறது ஒரு கம்பெனி. மருந்துக் கடை பிரிட்ஜ், ஆஸ்பத்திரியில ரத்தம் வெக்கிற பிரிட்ஜ், இதெல்லாம் பாத்துக்கிறவங்க. அவங்க உங்க கம்பெனிகிட்ட சொல்ல, அவளைப் பத்தி விசாரிச்சு எழுதிட்டு வான்னு உங்க கம்பெனி உங்களை அனுப்பியிருக்கு. அப்படித்தானே? அப்போ அவ அந்தக் கம்பெனியில வேலைக்குச் சேரப் போறா. இல்லையா? கான்ட்ராக்டரா? சுயேச்சை கான்ட்ராக்டர். பேரு நல்லாத்தான் இருக்கு. அப்படின்னா என்ன, மாசச் சம்பளம் கிடையாது, கூப்பிட்டா போகணும். லீவு கிடையாது. கை வெந்துச்சுன்னா வைத்தியம் அவ பாத்துக்கணும். டூல்ஸும் அவளே வாங்கணும். நாளைக்கு வராதேன்னு சொன்னா ஏன்னு கேக்க முடியாது. எங்க ஆளுன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க. ஆனா ஏழு வருஷமா எங்க படுத்தா, எங்க எந்திரிச்சா, யாரோட பேசினான்னு மட்டும் அவங்களுக்குத் தெரியணும். நல்லாருக்கு தம்பி நியாயம். என் மகனுக்குப் பொண்ணு கேட்டுப் போனப்ப நான்கூட இத்தனை கேக்கல. சமைக்கத் தெரியுமான்னு ஒண்ணே ஒண்ணு கேட்டேன். தெரியாதுன்னா. முகத்துக்கு நேரா நிஜத்தைச் சொல்றாளேன்னு அங்கயே முடிவு பண்ணிட்டேன்.

உங்களைக் குத்தம் சொல்லல. நீங்க அனுப்பின இடத்துக்கு வந்திருக்கீங்க. ஆமா, உங்களை யாரு விசாரிச்சாங்க, இந்த வேலைக்கு வந்தப்ப? யாரும் இல்லையா? நீங்களும் கான்ட்ராக்ட்டா? வீட்டுக்கு இவ்வளவுன்னு கணக்கா? அட கடவுளே. அப்போ உங்களுக்கும் அவளுக்கும் ஒரே கஷ்டம்தான். டீ சொல்லட்டுமா? குடிக்கலாம், லஞ்சம்னு நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.

சரி, கேளுங்க. இங்க இருந்தாளான்னா, இருந்தா. அஞ்சு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல. மேலதான் வீடு, கீழ கடை. படி பின்பக்கம். கல்யாணம் முடிஞ்சு வந்தப்ப மேல சும்மா உக்காந்திருப்பா. சமையல் நான், துணி மெஷின், அவளுக்கு என்ன வேலை? ஒரு நாள் கீழ இறங்கி வந்து, அத்தை, நான் இங்க ஒரு ஓரமா உக்காரட்டுமான்னா. உக்காருன்னேன். எங்க வீட்டுக்காரர் போன புதுசு. கல்லாவுல நான் இருக்கேன், உள்ள என் மகன் வேலை பாக்கிறான். அவ அந்தப் பக்கம் தரையில உக்காந்து அவன் கையையே பாத்துக்கிட்டிருப்பா. அது என்ன, இது என்னன்னு கேப்பா. அவனும் சந்தோஷமா சொல்லுவான். புதுசா கல்யாணமானவன், பொண்டாட்டி கேட்டா சொல்ல மாட்டானா.

முதல்ல துடைக்கிறது, ஸ்க்ரூ எடுத்துக் குடுக்கிறது, இப்படித்தான். அப்புறம் ஒரு நாள் காப்பர் பைப்பை அவளே பத்த வெச்சா. கையில சூடு பட்டுக்கிட்டா, விடல. ஒரு வருஷத்துல கம்ப்ரஸர் மாத்த, கேஸ் ஏத்த, எல்லாம் வந்துருச்சு. என் மகனுக்குக் கை உண்டு தம்பி, இல்லைன்னு சொல்ல மாட்டேன், அப்பன் கை. பொறுமைதான் கிடையாது. கேஸ் இறங்கிப்போச்சா, ஏத்தி அனுப்பு, திரும்பி வந்தா மறுபடி ஏத்து. அவ அப்படி இல்ல. ஏன் இறங்குச்சுன்னு பாக்கணும் அவளுக்கு. சோப்பு நுரையைக் குழைச்சுக்கிட்டு ஒவ்வொரு ஜாயின்ட்டா தடவி, குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி, எங்க குமிழி வருதுன்னு கண்ணை மூடாம பாத்துக்கிட்டே இருப்பா. நாலு தெரு தள்ளி ஒரு மருந்துக் கடை இருக்கு. அந்தக் கடைக்காரர் பிரிட்ஜ் மாசத்துக்கு ஒரு தடவை எங்க கடைக்கு வரும். இவ ஒரு தடவை பாத்தா. அதோட வரவே இல்ல. அந்தக் கடைக்காரர்தான் மெக்கானிக்கம்மான்னு பேரு வெச்சார். அதுக்கப்புறம் ஃபோன்லயே கேப்பாங்க, மெக்கானிக்கம்மா இருக்காங்களா, அவங்களையே அனுப்புங்கன்னு.

ஆமா, எழுதுங்க. வேலை அனுபவம் உண்டு. சம்பளமா? வீட்டு மருமகளுக்கு யாரு தம்பி சம்பளம் போட்டுக் குடுத்தா. பேப்பர்ல ஒண்ணும் இல்ல. அதுக்காக இல்லைன்னு ஆயிடுமா? இந்தத் தெருவுல எந்த வீட்டுக்குள்ள வேணா போங்க, பிரிட்ஜைத் திருப்பிப் பாருங்க, அவ வெச்ச ஜாயின்ட் இருக்கும். அதுக்கு மேல என்ன பேப்பர்.

நடத்தையா? நடத்தை எப்படின்னு ஒரு கட்டம் வெச்சிருக்கீங்களா? நல்லது, கெட்டது, பரவாயில்லை. மூணுலயும் அவ அடங்க மாட்டா. கோபம் வரும். சாப்பிட்ட தட்டை அங்கயே வெப்பா. சத்தமா சிரிப்பா. கஸ்டமர் பொய் சொன்னா முகத்துக்கு நேரா பொய்னு சொல்லிடுவா, நான்தான் சமாதானம் பண்ணி அனுப்பணும். நல்லதுன்னே டிக் அடிங்க.

இங்கருந்து ஏன் போனா. ம். அதுதானே உங்களுக்கு முக்கியம். அதுக்கு எத்தனை இடம் விட்டிருக்காங்க, ஒரு வரியா? ஒரு வரியில சொல்லணும்னா, அடிச்சான், போனா. என் மகன். நான் பெத்த பிள்ளை. பேனாவை ஏன் கீழ வெக்கிறீங்க, எழுதுங்க. நான் சொல்றதுக்குக் கூச்சப்படல, நீங்க எழுதக் கூச்சப்படறீங்க.

ஆரம்பத்துல அவனே பெருமையா சொல்லிக்கிட்டிருந்தான். நண்பனுங்ககிட்ட, டேய் என் பொண்டாட்டிகிட்ட வந்து கத்துக்கங்கடான்னு. அந்தப் பெருமை எப்ப புளிச்சுதுன்னு எனக்குச் சரியாத் தெரியல. ஒரு நாள் யாரோ ஒருத்தர் வந்து, இவன் வாசல்ல நிக்கிறப்பவே, மெக்கானிக் இல்லையான்னு கேட்டார். நான்தான்னான். இல்லப்பா, அந்தம்மான்னார். அன்னைக்கு ராத்திரி தட்டு பறந்துச்சு. சாப்பாட்டுல உப்பு இல்லையாம். சமைச்சது நான். அப்போ என்மேலதானே எறியணும்?

அப்புறம் கை நீள ஆரம்பிச்சுது. நான் குறுக்க போனேன் தம்பி. ஒவ்வொரு தடவையும் போனேன். ஒரு தடவை என்னைப் பிடிச்சுத் தள்ளினான், படிக்கட்டுல வாய் அடிச்சு இந்தப் பல்லு போச்சு. பாருங்க, இங்க. கட்டிக்கச் சொன்னாங்க, கட்டிக்கல. ஒவ்வொரு தடவை நான் வாயைத் திறக்கிறப்பவும் அவனுக்குத் தெரியட்டும்னு விட்டுட்டேன். அவன் தாய்மாமன்கிட்ட சொன்னேன். என் அண்ணன்தான். வந்து உக்காந்து ரெண்டு பேரையும் சமமா வெச்சுப் பேசினார். நீயும் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்மான்னு அவகிட்ட சொன்னார். எதை அனுசரிக்கணும் மாமான்னு அவ கேட்டா. அவர் டீயைக் குடிச்சுட்டுப் போயிட்டார். அதுக்கப்புறம் அண்ணன் வீட்டுக்கு நான் போறதில்ல.

நடுவுல அழுவான். கால்ல விழுவான். என் கால்லயும் விழுவான், அவ கால்லயும் விழுவான். பத்து நாள் பொறுப்பா இருப்பான், பூனை மாதிரி. நாங்களும் நம்பினோம். அவ நம்பினா. நான் அவளைவிடக் கொஞ்ச நாள் அதிகமா நம்பினேன், பெத்தவ இல்லையா.

கடைசியா நடந்தது இந்தக் கடைக்குள்ளதான். அதோ அந்த வேலை மேஜை. அவ ஒரு கம்ப்ரஸரைப் பிரிச்சு வெச்சுக் குனிஞ்சிருக்கா. இடது கை மேஜை மேல. இவன் வெளியிலேருந்து வந்தான். சண்டை ஒண்ணும் இல்ல, பேச்சுகூட இல்ல. பைப் ரெஞ்சை எடுத்து அந்தக் கை மேல போட்டான். ரெண்டு விரல் முறிஞ்சுது. நான் கல்லாவுல சில்லறை எண்ணிக்கிட்டிருக்கேன், சத்தம் கேட்டுத் திரும்பறேன், அவ கத்தவே இல்ல. கையைப் பிடிச்சுக்கிட்டு அவனைப் பாத்து ஒண்ணு கேட்டா. வலது கைன்னு நினைச்சியான்னா.

அதான் தம்பி. அவ்வளவுதான் கேட்டா. அவன் ரெஞ்சைப் போட்டுட்டு வெளிய போயிட்டான்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிட்டுப் போனேன். எப்படி ஆச்சுன்னு கேட்டாங்க. நான் சொல்ல வாயெடுத்தேன், அவ என் கையை அழுத்தினா. வெளிய வந்தப்புறம் கேட்டேன், ஏன்டி தடுத்தேன்னு. அத்தை, இப்ப சொன்னா இன்னைக்கு ராத்திரி நாம ரெண்டு பேரும் அந்த வீட்டுக்குத்தான் போகணும், முதல்ல நான் வெளிய போயிடறேன், அப்புறம் நீங்க யார்கிட்ட வேணா சொல்லுங்கன்னா. அவ சொன்னதுதான் சரி.

கட்டுப் பிரிச்ச வாரம் அவன் உதிரி பாகம் வாங்க வெளியூர் போனான். அன்னைக்குக் கடையைத் திறக்கல. உள்பக்கம் விளக்கைப் போட்டுக்கிட்டு அந்த அலமாரியைத் திறந்து ஒவ்வொண்ணா நானே எடுத்து வெச்சேன். பைப்பைப் பத்த வெக்கிற டார்ச், பைப் கட்டர், கேஸ் அளக்கிற கேஜ் செட்டு, லீக் பாக்கிற மெஷின். அத்தை, இது மாமாவோடதாச்சேன்னா, எங்க வீட்டுக்காரரைத்தான். மாமாவுக்கு இப்ப எதுக்கு, வெச்சுக்கோன்னேன். சிரிச்சுட்டா. விரல் வலியில முகம் கோணிக்கிட்டுச் சிரிச்சா. பெட்டி கனம். ஒரு பக்கக் காதை அவ பிடிச்சா, ஒரு பக்கம் நான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அப்படியே நடந்தோம். ஆட்டோ வெச்சா ஆட்டோக்காரன் எங்க இறக்கினேன்னு சொல்லுவான் பாருங்க. ஸ்டாண்டு வாசல்லயே நான் சொல்லிட்டேன், நான் இங்கருந்து திரும்பிடறேன், நீ எந்த பஸ்ல ஏறினேன்னு எனக்குத் தெரியக் கூடாது. ஃபோன் பண்ணாதே. லெட்டர் போடாதே. யார் மூலமாவும் சொல்லி அனுப்பாதேன்னேன். அவ என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. நான் திரும்பி நடந்தேன். பாக்கணும்னு கழுத்து இழுக்குது, பாக்கல. பாத்தா பஸ்ஸோட போர்டு கண்ணுல படும். எனக்கு எழுத்து நல்லா தெரியும், அதான் சங்கடம்.

அதனால அந்த இடைவெளி இருக்கே, இங்கருந்து போனப்புறம் எங்க இருந்தா, என்ன செஞ்சான்னு சிவப்பு மையில வட்டம் போட்டு வெச்சிருக்காங்களே, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ரெண்டு விரலுக்கும் பலம் வரணும் தம்பி. மடங்கிப் பழகணும். அதுக்கு எத்தனை மாசம் ஆகும்னு உங்க கம்பெனிக்குத் தெரியுமா? யாரோ ஒருத்தர் வீட்டுல ஒண்டிக்கிட்டு இருந்திருப்பா. வீட்டுக்காரங்க பேரைச் சொன்னா அவங்களுக்கு ஆபத்து, அதான் காலியா விட்டிருக்கா. உயிரோட இருக்கிறதுக்காக ஒருத்தி ஒளிஞ்சிருந்த காலம் அது. உங்க பேப்பர்ல அதுக்குப் பேரு இடைவெளி. நல்லது. அப்படியே இருக்கட்டும்.

அது என்ன, இன்னொரு பக்கம் இருக்கா? காட்டுங்க. இருங்க, கண்ணாடி. ம். வேலை செய்த இடத்தில் பொருள் திருடியதாகப் புகார். ஓ. இதுதான் நீங்க வந்ததுக்கே காரணமா? இதுக்குத்தான் இவ்வளவு நேரமா முன்னாடி பக்கத்தையே காட்டிக்கிட்டிருந்தீங்களா? புகார் குடுத்தது கடை உரிமையாளர். அவன் பேரு. கையெழுத்தும் அவனோடதுதான்.

குடுத்தான், தெரியும். அவ போன மறுநாளே. பொண்டாட்டியைக் காணோம்னு குடுத்தா ஏன் போனான்னு கேப்பாங்களே. அதனால டூல் பெட்டியைக் காணோம்னு குடுத்தான். போலீஸ்காரர் ஒருத்தர் வந்தார், அலமாரியைப் பாத்தார், எழுதிக்கிட்டுப் போனார். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கல்லாவுல உக்காந்திருக்கிற பொம்பளைகிட்ட என்ன கேக்கறதுன்னு நினைச்சிருப்பார். கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். நீங்க கேக்கறீங்க, உங்ககிட்ட சொல்றேன்.

கொஞ்சம் பின்னாடி திரும்புங்க. உங்க தலைக்கு மேல, கடிகாரத்துக்குப் பக்கத்துல. கண்ணாடி போட்டு மாட்டியிருக்கே, அது கடை லைசன்ஸ். தூசியா இருக்கும், துடைச்சுக்கிட்டுப் படிங்க. உரிமையாளர் யாரு? படிங்க, சத்தமாவே படிங்க. அந்தப் பேரு யாரோடது? என்னோட அடையாள அட்டை இதோ, போட்டோ பாத்துக்கோங்க, பல்லோட இருக்கிறப்ப எடுத்தது. எங்க வீட்டுக்காரர் போனப்புறம் என் பேருக்கு மாத்தினது. வருஷா வருஷம் நான்தான் கையெழுத்துப் போட்டுப் புதுப்பிக்கிறேன். என் மகன் இங்க ஒரு மெக்கானிக், அவ்வளவுதான். முதலாளி நான். கடையில இருந்த டூல்ஸ் என்னோடது. என் பொருளை என் கையால என் மருமகளுக்குக் குடுத்தேன். பாதிக் கனத்தை நானே தூக்கிட்டுப் போனேன். அதுல திருட்டு எங்க இருக்கு?

எழுதுங்க. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க. இவங்க இந்தக் கடையில அஞ்சு வருஷம் மெக்கானிக்கா வேலை செஞ்சாங்க. இவங்கமேல குடுத்த புகார் பொய். புகார் குடுத்தவருக்கு அந்தப் பொருள்மேல உரிமை கிடையாது. போகும்போது டூல்ஸ் குடுத்து அனுப்பினது உரிமையாளர். எழுதிட்டீங்களா? மறுபடி வேலைக்கு எடுப்பீங்களான்னு ஒரு கேள்வி இருக்கே, அதை ஏன் தாண்டறீங்க. எடுப்பேன்னு போடுங்க. குடுங்க, கையெழுத்து எங்க? இங்கயா? ரப்பர் ஸ்டாம்பு போடட்டுமா, இருக்கு. போடறேன். ரெண்டு தடவை போடறேன், ஒண்ணு மங்கலா விழுந்துருச்சு.

சிக்கல் வருமா? எனக்கா? வரட்டுமே. வீட்டுக்குள்ளயே பாத்தாச்சு, வெளியிலேருந்து வர்றதுக்கு என்ன பயம். பொய்ப் புகார்னு எழுதினா மகன் மேல கேஸ் வரும்னு சொல்றீங்களா? நல்லா வரட்டும். அதுக்கு எந்தப் பக்கத்துல கையெழுத்துப் போடணும்னு சொல்லுங்க, இப்பவே போடறேன்.

என்ன தம்பி, கிளம்பறீங்களா. அவனையும் ஒரு தடவை பாத்துடணுமா? நேத்து ஃபோன்ல பேசி நேரம் வாங்கியிருக்கா? ஆமா, தெரியும். பேசினது நீங்க இல்ல, உங்க ஆபீஸ் பொண்ணு. நேத்து சாயங்காலம் இதோ இந்த ஃபோன்லதான் வந்துச்சு. நான் கை நீட்டறதுக்குள்ள அவன் எடுத்துட்டான். நான் இங்கயே உக்காந்திருக்கேன். ஆமா மேடம், நான்தான் ஓனர்ங்கறான். ஆமா மேடம், நல்ல வேலைக்காரங்க, ரொம்ப நல்ல மாதிரிங்கறான். தேன் ஒழுகுது. அப்புறம் நிதானமா கேட்டான், மேடம், இப்ப எந்த விலாசம் குடுத்திருக்காங்க, எங்க ரெக்கார்டோட சரிதானான்னு பாத்துச் சொல்றேன்னு. அந்தப் பொண்ணு படிச்சுக் குடுத்துருச்சு. தெரு, கதவு நம்பர், எல்லாம். அவன் எழுதிக்கிட்டான். நான் தெரிஞ்சுக்க மாட்டேன்னு பஸ் ஸ்டாண்டு வாசல்ல கண்ணை மூடிக்கிட்டுத் திரும்பினேனே, அந்த விலாசம்.

ராத்திரி அவன் நல்லா சாப்பிட்டான். ரொம்ப நாளுக்கப்புறம் ரெண்டாந்தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அதைப் பாத்துத்தான் எனக்குப் பயம் வந்துச்சு. காலையில பையைக் கட்டி வெச்சிருந்தான். அவன் குளிக்கப் போனப்ப திறந்து பாத்தேன். ரெண்டு சட்டை, நடுவுல துண்டுல சுத்தி பைப் ரெஞ்சு. எழுதி வெச்சிருந்த சீட்டு சட்டைப் பையில இருந்துச்சு. படிக்காமக் கிழிச்சு அடுப்புல போட்டேன். ஆனா அவன் மனசுல இருக்கிறதை நான் எப்படிக் கிழிக்கிறது.

அதனால பூட்டிட்டேன்.

மேல, பின் ரூம்ல. குளிச்சுட்டு வந்து சட்டை மாத்திக்கிட்டிருந்தான், கதவைச் சாத்தி வெளித் தாழ்ப்பாளைப் போட்டு, இந்தக் கடைப் பூட்டைப் போட்டேன். ஜன்னலுக்குக் கம்பி இருக்கு, அதுவும் சந்துப் பக்கம், கத்தினா இங்க கேக்காது. நல்லா கத்தினான். முதல்ல அம்மான்னான். அப்புறம் சொன்னதையெல்லாம் நான் திருப்பிச் சொல்ல மாட்டேன். நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி போய் நின்னு கேட்டேன், சத்தம் அடங்கியிருந்துச்சு. கதவுக் கீலைக் கழட்டப் பாக்கிறான்னு நினைக்கிறேன். முடியாது. டூல் பை என் காலுக்குக் கீழ இருக்கு. அவன் செல்ஃபோன் கல்லாவுக்குள்ள இருக்கு.

உக்காருங்க தம்பி. உக்காருங்கன்னா. உங்களை யாரும் ஒண்ணும் பண்ணப் போறதில்ல. எதிர்த்த சைக்கிள் கடைக்காரர் ஸ்டேஷனுக்குப் போயிருக்கார், ஆள் கூட்டிட்டு வருவார். அவங்க வர்றப்ப நீங்க இங்க இருக்கணும். அவ விலாசம் இவனுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேப்பாங்க. எங்க ஆபீஸ்தான் ஃபோன்ல குடுத்துச்சுன்னு உங்க வாயால சொல்லணும். நான் மட்டும் சொன்னா மகன்மேல கோவத்துல பேசறா கிழவின்னு எழுதாமப் போயிடுவாங்க. நீங்க அடையாள அட்டையைக் கழுத்துல மாட்டிக்கிட்டு வந்திருக்கீங்க, நீங்க சொன்னா எழுதுவாங்க. இதை நீங்க வந்ததுமே சொல்லியிருந்தா நின்ன வாக்குலயே போயிருப்பீங்க. ரூல்ஸ்னு ஏதாவது சொல்லியிருப்பீங்க. அவ யாருன்னு தெரிஞ்சுக்கிட்டா உங்களால எந்திரிச்சுப் போக முடியாதுன்னு நினைச்சேன். போக முடியுதா? வாசல் திறந்துதான் இருக்கு.

ம். நல்ல பிள்ளை.

இப்ப அவ போட்டோ காட்டினீங்களே, அந்த டேப்லெட்டைத் திறங்க. அவ நம்பர் அதுல இருக்கும், என்கிட்ட காட்டாதீங்க. நீங்களே போடுங்க, நீங்களே பேசுங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். விலாசம் அவனுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு முதல்ல சொல்லிடுங்க, மென்னு முழுங்காதீங்க. இன்னைக்கு ராத்திரி வேற இடத்துல படுக்கச் சொல்லுங்க. அவங்க ஊர் ஸ்டேஷன்லயும் ஒரு வார்த்தை எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. ஆனா ஊரை விட்டு ஓட வேண்டாம்னு நான் சொன்னதாச் சொல்லுங்க. ஒரு தடவை போனது போதும். எத்தனை ஊருக்குத்தான் அந்தப் பெட்டியைத் தூக்கிட்டு அலைவா.

அப்புறம் அவ உங்களை ஒண்ணு கேப்பா. எனக்கு அவளைத் தெரியும். பயம், அழுகை எல்லாம் அப்புறம்தான், முதல்ல அதைத்தான் கேப்பா. என் பேப்பர் என்னாச்சு, வேலை உண்டா இல்லையான்னு. அதுக்கு என்ன சொல்லப் போறீங்கன்னு ரிங் போறதுக்குள்ள முடிவு பண்ணி வெச்சுக்கோங்க.

ம், போடுங்க.